காபிப் பொடியைத் தடவுங்க, டிகாஷன்ல ஊறவைக்காதீங்க

"குடிக்கிற காபியைப் போய் மாட்டுக்கறியில தடவுவானா மனுஷன்?"னு கேக்குற மக்களே, கொஞ்சம் பொறுங்க. அமெரிக்கத் தென் மாநிலங்கள்ல பன்றித் தொடைக்கறி வறுத்த சட்டியில கறுப்புக் காபியை ஊத்தி 'ரெட் ஐ கிரேவி' பண்றது பழைய வழக்கம். அதனால ஸ்டேக்குல காபியும் மிளகாயும் சேர்றது ஒண்ணும் அதிசயமில்லை.

என் சண்டை வேற. தடவுறது சரி, ஊறவைக்கிறது வீண்.

ஸ்டேக்கோட ருசியே மேல்பக்கம் கருஞ்சிவப்பா வறுபடுறதுலதான் இருக்கு. அதுக்குச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூடு வேணும். ஈரம் இருக்கிற வரைக்கும் மேல்பக்கம் 100-ஐத் தாண்டாது. ராத்திரி முழுக்க டிகாஷன்ல கிடந்த கறி வறுபடுறதுக்குப் பதிலா வேகத்தான் செய்யும். உள்ளயாவது ருசி இறங்குமா? உப்பு இறங்கும். காபியும் மிளகாயும் மேலோட நின்னுடும். அப்புறம் எதுக்கு அந்தக் குளியல்?

காசு கொடுத்து வாங்கின ஒன்றரை அங்குல ரிப் ஐ துண்டை ஈரம் போகத் துடைங்க. நைசா அரைச்ச காபிப் பொடி ஒரு ஸ்பூன், ஆன்சோ மிளகாய்ப் பொடி ஒரு ஸ்பூன், உப்பு, அவ்ளோதான். ஆன்சோங்கிறது பழுத்த பொப்ளானோ மிளகாயைக் காயவச்சது. காரம் கம்மி, லேசா இனிப்பு. காபிக் கசப்புக்குச் சரியான ஜோடி. நம்ம குண்டு மிளகாயை அதே அளவு போட்டா காரம்தான் மிஞ்சும். சர்க்கரை வேணாம், கருகிடும்.

சாப்பிடுறவங்க "காபியா போட்டே?"னு கண்டுபிடிச்சா பொடி ஜாஸ்தி. "கறி சூப்பர்"னா ஜெயிச்சாச்சு.

ஊறவைக்கிற கட்சிக்காரங்க சண்டைக்கு வரலாம் :-)