ஏரி நாட்டுக்குப் போக ஆவணியே ஏற்ற மாதம்

நம் மேற்குக் கொச்சித் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றாலே சித்திரை, வைகாசிதான். பங்குனி முடிவில் பள்ளி அடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவோம். தாத்தா பாட்டி, அம்மன் கோயில் கொடை, இரண்டு மூன்று கல்யாணங்கள் என்று இரண்டு மாதம் போவதே தெரியாது. அந்தப் பழக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிங்கப்பூரும் துபாயும் பார்த்து முடித்த சில அன்பர்கள் இப்போது ஆப்பிரிக்காவின் ஏரி நாடான மலாவியைப் பற்றிப் பேசுகிறார்கள். மிக நல்ல யோசனை. ஆனால் அந்தப் பயணத்தையும் ஏப்ரலுக்கே வைக்கப் பார்க்கிறார்களே, அதுதான் எனக்கு உடன்பாடில்லை. மலாவிக்குப் போவதானால் ஓண விடுமுறையில்தான் போக வேண்டும்.

மலாவி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. சூரியன் தெற்கே போகும்போது மழையும் கூடவே போகிறது. எனவே அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். சுள்ளிக்கல்லில் நாம் முட்டளவு தண்ணீரில் குடையோடு நடக்கும் ஆடி மாதத்தில் அங்கே வானம் நிர்மலமாக இருக்கும். நம்முடைய பங்குனி விடுமுறை தொடங்கும் சமயத்திலோ அங்கே பெருமழை ஓய்ந்து தீர்ந்திருக்காது. 2023 மார்ச்சில் வீசிய ஃபிரெடி புயலில் அந்நாட்டின் தென்பகுதியில் மலைச்சரிவுகள் இடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டுதோறும் இப்படி நடப்பதில்லைதான். ஆனாலும் மண்சாலைகள் சேறாவதும், மழையை ஒட்டி மலேரியா பெருகுவதும் ஒவ்வோர் ஆண்டும் உள்ளதே.

பருவம் பார்த்துப் பயணம் போவது நம் கொச்சிக்குப் புதிய பாடமா என்ன? இங்கிருந்து ஆட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் ஆலயத்துக்குப் போய்விடலாம். 1524-ல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த இடம் அது. அவர் 1498-ல் ஆப்பிரிக்கக் கரையின் மலிந்தியிலிருந்து தென்மேற்குக் காற்றைப் பிடித்து ஏறக்குறைய 23 நாளில் கோழிக்கோட்டை அடைந்தார். திரும்பும்போது, வடகிழக்குக் காற்று தொடங்கும்வரை காத்திருக்கப் பொறுமையின்றி அக்டோபர் தொடக்கத்திலேயே கிளம்பினார். அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. மாலுமிகள் பலர் நோயில் மடிந்தார்கள். அரபு மாலுமிகளும் குஜராத்தி வணிகர்களும் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்த கணக்கு அது. விமானத்தில் போகிற நமக்குக் காற்றைப் பற்றிக் கவலையில்லை என்றாலும், இறங்கிய பிறகு மழை மழைதானே!

ஓணத்தில் விமானக் கட்டணம் கொள்ளை விலை ஆயிற்றே என்று கேட்பார்கள். யோசித்துப் பாருங்கள். கொச்சியிலிருந்து மலாவிக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நாடு ஒன்றில் மாறி, பிறகு நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ இன்னொரு முறை மாறி லிலோங்வே போக வேண்டும். ஓணத்துக்கு முன் வளைகுடாவிலிருந்து கேரளத்துக்கு வருகிற கூட்டம். ஓணம் கழிந்ததும் இங்கிருந்து திரும்புகிற கூட்டம். நாமோ விடுமுறை தொடங்கும்போது வெளியே போகிறோம், முடியும்போது உள்ளே வருகிறோம். இரண்டு முறையும் கூட்டத்துக்கு எதிர்த்திசை.

இன்னொரு ஆட்சேபணை கனமானது. ஆவணியில்தான் பிள்ளையார் சதுர்த்தி பெரும்பாலும் வருகிறது. சில குடும்பங்களுக்கு ஆவணி அவிட்டமும் உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகலாமா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் மனம் நோகச் செய்ய நான் சொல்லவில்லை. ஓணமும் சதுர்த்தியும் எல்லா ஆண்டும் ஒரே வாரத்தில் வருவதில்லை. பஞ்சாங்கத்தையும் பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் மோதாத ஆண்டைத் தேர்ந்துகொள்ளலாம். சித்திரை விடுமுறை முழுவதும் தாத்தா பாட்டிக்கே என்று இருந்தால் அவர்களும் இதற்குச் சம்மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஏப்ரலில் மலாவிக்குப் போகும் பிள்ளை அந்த ஆண்டு பாட்டியைப் பார்க்கப் போவதில்லை. அந்த இழப்பை நாம் கணக்கில் எழுதுவதே இல்லை.

சரி, அங்கே என்னதான் இருக்கிறது? மலாவி ஏரியின் நீளம் சுமார் 580 கிலோமீட்டர்; ஆழம் சில இடங்களில் 700 மீட்டர். கரையில் நின்றால் கடல் என்றே சொல்வீர்கள், உப்பு மட்டும் இல்லை. நூற்றுக்கணக்கான சிக்லிட் வகை மீன்கள் உலகில் வேறெங்கும் இல்லாமல் இங்கே மட்டும் வாழ்கின்றன. தெற்குக் கரையில் கேப் மக்ளியர் பகுதியிலுள்ள தேசியப் பூங்காவை 1984-ல் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்றது இந்த மீன்களுக்காகத்தான். மீன்தொட்டிக் கடைகளில் நீலமும் மஞ்சளுமாக நீந்துகிற மலாவி மீன்களைக் குழந்தைகள் பார்த்திருப்பார்கள். நம் வேம்பநாட்டுக் காயலின் கரிமீனும் அதே சிக்லிட் குடும்பம்தான் என்பதை எத்தனை பேர் அறிவோம்? அங்கே விரும்பி உண்ணும் சம்போ மீன், நம் ஊர் ஜிலேபிக் கெண்டைக்கு நெருங்கிய சொந்தம். சைவக் குடும்பங்களும் பயப்பட வேண்டாம். சோளமாவில் கிண்டும் நிசீமா களியும் பீன்ஸும் கீரையும் அங்கே அன்றாட உணவு. லிலோங்வேயிலும் பிளான்டயரிலும் குஜராத்திகள் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கிறார்கள்.

ஏரியிலிருந்து புறப்படும் ஷிரே ஆற்றங்கரையில் லிவோண்டே காடு. யானையும் நீர்யானையும் ஏராளம். புல் காய்ந்து, குட்டைகள் வற்றி, விலங்குகள் ஆற்றுக்கு வருவது வறண்ட காலத்தில்தான். தேக்கடிக்கு நாம் மாசி, பங்குனியில் போவதும் இதே காரணத்துக்காகத்தானே. அக்டோபரில் இன்னும் அதிகம் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். உண்மை, ஆனால் வெயில் குழந்தைகளை வாட்டிவிடும். பத்து நாளில் இந்தக் காடும் ஏரியும் போதும். வடக்கே நியிகா மலைக்கும் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டால் பயணம் முழுக்க வண்டியிலேயே கழியும். சமீப ஆண்டுகளில் அங்கே பெட்ரோல், டீசல் தட்டுப்பாடு வேறு அடிக்கடி வருகிறது.

மழையில்லாத காலமானாலும் ஏரி சாதுவாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ம்வேரா என்னும் தென்கிழக்குக் காற்று அந்த மாதங்களில்தான் பலமாக வீசும். 1946 ஜூலையில் விப்யா என்ற கப்பல் புயலில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மூழ்கினர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 உயிர்கள் போனதை நாம் மறக்க முடியுமா? படகுக்காரர் சிரித்தாலும், உயிர்காப்புச் சட்டை குழந்தையின் அளவுக்கு இல்லையென்றால் ஏறாதீர்கள்.

உடல்நல விஷயத்தில் மூன்றைச் சொல்லியாக வேண்டும். மலாவி மஞ்சள் காய்ச்சல் நாடு அன்று. ஆனால் கென்யாவும் எத்தியோப்பியாவும் அந்தப் பட்டியலில் உள்ளவை. அங்கே விமானம் மாறும்போது நெடுநேரம் தங்கினாலோ நிலையத்தை விட்டு வெளியே வந்தாலோ சான்றிதழ் கேட்கப்படலாம். தோப்பும்படிப் பாலம் தாண்டினால் வெலிங்டன் தீவில் துறைமுக சுகாதார அலுவலகம். அங்கே ஊசி போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழிந்தால்தான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அறுபது கடந்தவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அடுத்தது ஏரிக்குளியல். நாணல் வளர்ந்த ஓரங்களில் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி தோலில் புகும். இறங்கியவர்கள் திரும்பி வந்து ஆறு வாரம் கழித்துப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது மலேரியா. தடுப்பு மாத்திரையைத் திரும்பிய பின்னும் மருத்துவர் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிட வேண்டும். ஆவணி, புரட்டாசியில் இங்கே காய்ச்சல் என்றால் டாக்டர் டெங்குவையும் எலிக்காய்ச்சலையுமே முதலில் நினைப்பார். ஆப்பிரிக்கா போய்வந்தோம் என்பதை அவர் கேட்காமலே நீங்கள் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவுக்கும் ஏற்பாடு செய்ய மூன்று மாதமாவது வேண்டும். வைகாசி முடிவில் ஊரிலிருந்து திரும்பியதும் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். குழந்தைகளுடையதற்கு ஐந்தாண்டுதான் ஆயுள்.