கூட்டு விளைநில விற்பனையில் பங்குதாரரின் முன்வாங்கு உரிமை: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

பிரிபடாத நிலத்தில் ஒரு பங்குதாரர் தம் பங்கை விற்க முற்படும்போது, வெளியாருக்கு முன்னதாக அதை மற்றப் பங்குதாரர்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் உரிமையே முன்வாங்கு உரிமை எனப்படும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழ்ந்துகொண்டு, காவிரிப் படுகையின் பூர்வீக நஞ்சைக்கான கூட்டுப் பட்டாவில் பெயர் மட்டும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இவ்வுரிமை எவ்வளவு தூரம் உண்டு என்பதில் குழப்பம் நீடிப்பதால், இவ்வமைப்பு தன் நிலைப்பாட்டை அறிவிக்கிறது.

மயிலாப்பூரில் உள்ள குடும்ப வீட்டின் பங்கு ஒன்றை வெளியார் கிரயம் பெற்றால், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவின்படி, குடும்பத்தாரோடு சேர்ந்து அவ்வீட்டை அனுபவிக்க அவருக்கு உரிமையில்லை. அவர் பாகம் கோரி வழக்குத் தொடுத்தால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அப்பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம். அதே குடும்பத்தின் வயலுக்கோ இவ்விரு காப்புகளும் இல்லை. ஒரே மடையில் நீர் பாயும் வயலைத் துண்டாக்கும் பாகவழக்கு, வீட்டைப் பிரிப்பதைவிடக் குறைந்த கேடு என்று எவரும் சொல்லத் துணியார்.

வயலுக்கு எஞ்சியிருப்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 22-ஆம் பிரிவு மட்டுமே. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து, மகன், மகள், மனைவி, தாய் முதலிய முதல் வகுப்பு வாரிசுகள் பலருக்குச் சேர்ந்தபின், அவர்களில் ஒருவர் தம் பங்கை விற்க விரும்பினால் மற்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்றும், விலையில் உடன்பாடு எட்டாவிட்டால் நீதிமன்றமே அதை நிர்ணயிக்கும் என்றும் அது கூறுகிறது. இப்பிரிவு விளைநிலத்துக்கும் பொருந்தும் என்று பாபு ராம் எதிர் சந்தோக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் உயில்வழியோ கிரயவழியோ பங்கு பெற்றவர்களுக்கும், இந்துச் சட்டத்துக்கு உட்படாத குடும்பங்களுக்கும் இப்பிரிவு உதவாது. விற்பவர் முன்னறிவிப்புத் தரவேண்டிய முறையைக்கூட அது வகுக்கவில்லை. ஆகவே பலருக்கு விற்பனை தெரியவருவதே வில்லங்கச் சான்றைப் பார்த்த பிறகுதான்.

முன்வாங்கு உரிமை சொத்துச் சுதந்திரத்துக்குத் தடை என்ற மறுப்பு சென்னைக்குப் பழையது. முஸ்லிம் சட்டத்தின் அவ்வுரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1870-இலேயே ஏற்க மறுத்தது. பஞ்சாபின் முன்வாங்குச் சட்டத்தை 1986-இல் ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், உறவுமுறையை மட்டும் கொண்டு எழும் உரிமையைத் தள்ளி, பங்குதாரரின் உரிமையை நிலைநிறுத்தியது. இவ்வமைப்பும் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. அண்டை நிலத்தார்க்கோ, பங்கில்லாத உறவினர்க்கோ இவ்வுரிமை வேண்டியதில்லை; பங்குதாரர்க்கு, சமயமும் உரிமை வந்த வழியும் பாராமல், வேண்டும்.

விலையைப் பற்றிய அச்சமே மறுப்புகளில் கனமானது. 1989-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ஆம் ஆண்டின் நடுவண் திருத்தமும் மகள்களுக்குத் தந்த பங்கை, முன்னுரிமை என்ற பெயரால் சகோதரர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்பதற்கு வழி திறந்துவிடக் கூடாது. ஆதலால், வெளியார் தர முன்வந்த அதே விலையை, எழுத்துமூல அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் முழுமையாகச் செலுத்துவோர்க்கு மட்டுமே உரிமை என்றும், தவறினால் விற்பவர் தடையின்றி விற்கலாம் என்றும் சட்டம் வரையறுக்க வேண்டும். இலங்கையில், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கென வந்த 1947-ஆம் ஆண்டின் முன்வாங்குச் சட்டம் இத்தகைய முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியிருப்பதால், இது புதுமையான கோரிக்கையும் அன்று.

வெளியாருக்கு விற்பதைப் பதிவுத்துறையே தடுத்துவிடும் என்று நம்புவது பயனற்றது. உரிமைமூலத்தை ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்பதை, தமிழ்நாட்டுப் பதிவு விதி 55அ-வைச் செல்லாதென அறிவித்த 2025-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நிலம் மாநிலப் பட்டியலில் அடங்குவதால், முன்வாங்கு உரிமைக்கான சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றமே இயற்ற வேண்டும். அதுவரை, கூட்டுப் பட்டாவில் பெயருள்ளோர் உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெறுமாறும், அது இயலாதோர் முன்வாங்கு நிபந்தனையைத் தமக்குள் எழுத்தில் பதிந்துகொள்ளுமாறும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.