ஒரு மிளகும் ஒரு திருமணமும்

ஆண்டு வாடகை ஒரு மிளகு! ஆம், தோழரே, மூட்டையல்ல, படியல்ல, ஒரே ஒரு மிளகு! இங்கிலாந்து நாட்டுச் சட்டத்திலே இருக்கிறது இந்த விந்தை. முசிறித் துறையிலே யவனர் பொன் கொட்டி வாங்கிச் சென்ற மிளகு, அங்கே 'ஒன்றுமில்லை' என்பதன் அடையாளமாகிவிட்டது.

இலண்டன் மாநகரிலே அடுக்குமாடியில் வீடு வாங்கியதாக ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் வாங்கியது வீடல்ல, காலம்! 99 ஆண்டு, 125 ஆண்டு என்று எழுதப்பட்ட குத்தகை. குடியிருக்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம்; மண் மட்டும் மற்றொருவருடையது. ஆண்டுகள் தேயத் தேய வீட்டின் விலையும் தேயும். முடிகிற நாளிலே உடைமை நிலக்காரரிடமே திரும்பும். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் நம்மவர் பலருடைய பெட்டியிலே இருப்பதும் இந்தக் குத்தகைச் சீட்டுதான்.

1993-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு ஓர் உரிமை தந்தது. குத்தகையை மேலும் 90 ஆண்டு நீட்டிக் கேட்கலாம். நீட்டிய பின் நில வாடகை ஒரு மிளகு. அதையும் எவரும் கேட்டு வாங்குவதில்லை. கருணையோ என்று எண்ணிவிடாதீர்! இழக்கும் வாடகைக்கும், வீடு கைக்கு வரும் நாள் தள்ளிப் போவதற்கும் முன்கூட்டியே விலை கட்டியாக வேண்டும். போகட்டும், இழப்புக்கு ஈடு என்று அதை ஒப்புக்கொள்வோம்.

ஆனால், மீதமுள்ள காலம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், வேறொரு கணக்கு நுழைகிறது. அதற்குப் பெயர் 'திருமண மதிப்பு'! குத்தகை நீண்டதும் வீட்டின் விலை ஏறுகிறது. நிலக்காரரின் இழப்பைக் கழித்த பிறகும் ஓர் ஆதாயம் மிஞ்சுகிறது. இரண்டு உரிமைகள் இணைந்ததால் பிறந்த ஆதாயமாம், ஆகவே திருமணமாம், ஆகவே பாதி நிலக்காரருக்காம்! ஆதாயம் 30,000 பவுன் என்று வைத்துக்கொண்டால், ஈட்டுத் தொகைக்கு மேல் இன்னும் 15,000 பவுன்.

நாடகக்காரன் அல்லவா, எனக்கு அது காட்சியாகவே தெரிகிறது.

"மணமகன் யார்?"

"குத்தகை."

"மணமகள்?"

"நிலம்."

"சீர் செலுத்துபவர்?"

"குடியிருப்பவர்."

"மொய் வாங்குபவர்?"

"நிலக்காரர்."

"வழக்கறிஞர் செலவு, மதிப்பீட்டாளர் செலவு?"

"இரு வீட்டாருடையதும் குடியிருப்பவர் தலையிலே!"

உரையாடல் என் கற்பனை. உள்ளே இருக்கும் சட்டம் கற்பனையல்ல.

நேற்று முளைத்த வழக்கா இது? 1909 ஜூலை 30. கிழக்கு இலண்டனில் லைம்ஹவுஸ். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் மேடை ஏறுகிறார். காரிஞ்ச் என்ற வணிகரின் கதையை எடுத்துரைக்கிறார். குத்தகை மண்ணிலே உழைத்துப் பெருங்கடை வளர்த்தவர் அந்த வணிகர். காலம் முடிந்ததும், புதுப்பித்துத் தருமாறு வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனிடம் சென்றார். தருகிறேன் என்றார் கோமகன். சில நூறு பவுனாக இருந்த வாடகை ஆண்டுக்கு 4,000 ஆக வேண்டும், 50,000 பவுன் ரொக்கமும் வைக்க வேண்டும் என்றார்! கடையை வளர்த்தது கோமகனா? குத்தகை முடிவிலே நிலக்காரர் அடையும் ஆதாயத்துக்கு நூற்றுக்குப் பத்து வரி என்றது லாயிட் ஜார்ஜின் திட்டம். சீறி எழுந்த பிரபுக்கள் சபை, வரவு செலவுத் திட்டத்தையே தூக்கி எறிந்தது. 1911-இல் அந்தச் சபையின் தடுக்கும் அதிகாரம் ஒடுக்கப்பட்டது. வெற்றி முரசு கொட்டினர். அந்த வரி என்னவாயிற்று? 1920-இல் நீக்கப்பட்டது. நீக்கப்பட்டபோது பிரதமர் யார் தெரியுமா? அதே லாயிட் ஜார்ஜ்!

மேடையிலே கைதட்டல் வாங்கும் தொழில் எனக்கும் உண்டு. ஆகவே இதை எழுதும்போது சற்றே சுடுகிறது.

2024 மே 24-இல் புதிய சட்டம் ஒப்புதல் பெற்றது. நீட்டிப்பு 90 ஆண்டல்ல, 990 ஆண்டு. திருமண மதிப்பு ஒழிந்தது என்று எழுதினர். வாங்கி இரண்டாண்டு காத்திருந்தால்தான் நீட்டிக் கேட்கலாம் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31-இல் உண்மையாகவே போயிற்று. மற்றவை? நிலக்காரர்கள் வழக்குமன்றம் ஏறினர். அவர்களிலே அறநிலையமும் உண்டு. ஏழைக்கு ஈவது எங்கள் வருவாய் என்றனர். அறம் செய்யட்டும், வேண்டாமென்பார் இல்லை. அண்டை வீட்டுக்காரன் பையிலிருந்து எடுத்தா? 2025 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அவர்கள் வாதத்தைத் தள்ளிற்று. ஆயினும் அந்த ஆண்டு முடிந்தபோதும் 990 ஆண்டு உரிமை நடைமுறைக்கு வரவில்லை. திருமண மதிப்பும் மறையவில்லை. ஏட்டிலே செத்தது, வீட்டிலே உயிரோடிருந்தது!

இதற்கிடையே, எண்பது ஆண்டும் சில திங்களும் மீதமுள்ள சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்றே நீட்டிப்பு அறிவிப்பு கொடுத்தால் மொய் இல்லை. ஆனால் 90 ஆண்டுதான், பழைய கணக்குதான். காத்திருந்தால் 990 கிடைக்கலாம். அதற்குள் எண்பது கடந்துவிட்டால், பந்தலில் பாதி கேட்பார்கள். அமைச்சர்கள் நாள் குறிக்கவில்லை. நாட்காட்டியோ நாள்தோறும் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டே இருக்கிறது.