டிஜே சைடு பிசினஸ்: பேஸ் பாக்ஸை இஎம்ஐ-ல வாங்கலாமா?



வார நாள்ல ஆபீஸ், சனி ஞாயிறுல டிஜே. இப்படி ஒரு ரெண்டாவது வருமானத்தை யோசிக்கிறவங்க நம்ம நண்பர்கள்ல நிறைய பேர் இருக்கீங்க. லேப்டாப் இருக்கு, கன்ட்ரோலர் ஒன்னு வாங்கியாச்சு, நண்பனோட ரிசப்ஷன்ல டிஜே பண்ணி கைதட்டலும் வாங்கியாச்சு. அடுத்து என்ன தோணும்? "ஒவ்வொரு தடவையும் சவுண்ட் சர்வீஸ்காரருக்கு ஏன் காசு கொடுக்கணும், நாமளே செட்டு வாங்கிடலாமே"ன்னு தோணும். அந்த நேரம் பார்த்து பேங்க் ஆப்ல "உங்களுக்கு 3 லட்சம் ரெடி"ன்னு ஒரு மெசேஜ் வந்து நிக்கும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். டாப் ஸ்பீக்கர் ரெண்டு சொந்தமா வாங்குங்க, அதுவும் சேர்த்து வச்ச காசுல. சப்வூஃபர், அதாவது நம்ம ஊர்ல பேஸ் பாக்ஸ்னு சொல்றோமே, அதைக் கடன் போட்டு வாங்காதீங்க. வாடகைக்கு எடுங்க.

இதுக்கு நேர் எதிரா செஞ்சு கையைச் சுட்டுக்கிட்டவன் நான். அதனாலதான் இவ்வளவு உறுதியா சொல்றேன்.

2019 நவம்பர். கோயம்புத்தூர்ல கூட வேலை பார்த்த பையனோட ரிசப்ஷன். என்கிட்ட இருந்தது ரெண்டு 12 இன்ச் டாப் மட்டும். நல்லாத்தான் போச்சு. கடைசியில ஒருத்தன் வந்து, "மாப்ள, எல்லாம் ஓகே, பேஸே இல்லையேடா"ன்னான். அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த வாரமே 2 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 36 மாசம், மாச இஎம்ஐ 6,835 ரூபாய். ரெண்டு 18 இன்ச் பேஸ் பாக்ஸ் வீட்டுக்கு வந்து இறங்குச்சு. வீடுன்னா, மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு பாக்ஸ் 50 கிலோ. என் ஆல்ட்டோ டிக்கியில அது ஏறாதுங்கறதே பாக்ஸைப் பிரிச்ச பிறகுதான் மண்டையில ஏறுச்சு.

மூணு இஎம்ஐ கட்டினேன். 2020 மார்ச்ல லாக்டவுன். கல்யாணமே 50 பேரோட நடந்தப்போ டிஜேவை யார் கூப்பிடப் போறாங்க? ரிசர்வ் வங்கி மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிப் போட அனுமதி கொடுத்தது ஞாபகம் இருக்கும். நானும் எடுத்துக்கிட்டேன். ஆனா அந்த ஆறு மாசமும் வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்தது. மூணு தவணை கட்டி 1,86,000 சொச்சத்துக்கு இறங்கியிருந்த அசல், ஆகஸ்ட் முடியும்போது திரும்பவும் கிட்டத்தட்ட 2 லட்சம். அப்புறம் வட்டிக்கு வட்டியை மட்டும் அரசு திருப்பிக் கொடுத்தது. என் கணக்குக்கு வந்தது 400 ரூபாய்கூட இல்ல. செப்டம்பர்ல ரெண்டு பாக்ஸையும் 90,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். மீதிக் கடனை சம்பளத்துல அடைச்சேன்.

"அது கொரோனா சார், எப்பவும் அப்படியா வரப்போகுது?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். கொரோனாவை விட்டுட்டே கணக்குப் போடுவோம்.

அதே 2 லட்சம், அதே வட்டி, அதே மூணு வருஷம். மொத்தமா கட்டறது 2,46,060 ரூபாய். மூணு வருஷம் கழிச்சு பாக்ஸை 1 லட்சத்துக்கு வித்துடலாம்னு தாராளமாவே வச்சுக்குவோம். அப்போ நிகர செலவு 1,46,060. வருஷத்துக்கு 48,700 ரூபாய் பக்கம்.

இப்போ வாடகை. எங்க ஏரியாவுல ஒரு ஜோடி 18 இன்ச் பேஸ் பாக்ஸ், கொண்டுவந்து இறக்கி வச்சு திரும்ப எடுத்துட்டுப் போறது வரைக்கும் 4,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைக்குது. உங்க ஊர்ல ரேட் வேறயா இருக்கலாம், விசாரிச்சு அந்த நம்பரைப் போட்டுக்கோங்க. "அப்போ சொந்த பாக்ஸ் இருந்தா நிகழ்ச்சிக்கு 4,000 மிச்சம்"னு அவசரப்படாதீங்க. சொந்த பாக்ஸை யார் தூக்கறது? குட்டி யானை வாடகை 1,500, கூட வர்ற பையனுக்கு 500. ஆக உண்மையான மிச்சம் 2,000தான். 48,700-ஐ 2,000-ஆல வகுத்தா வருஷத்துக்கு 24 நிகழ்ச்சிக்கு மேல வரணும். அதுவும் வெறும் நிகழ்ச்சி இல்ல, பேஸ் பாக்ஸ் கட்டாயம் தேவைப்படற 24 நிகழ்ச்சி. அப்பத்தான் அசலுக்கு அசல். லாபம் அதுக்கு மேலதான்.

சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஆளுக்கு 24 நிகழ்ச்சி வருமா? வருஷத்துல 52 வாரக் கடைசி. ஆடி, புரட்டாசி, மார்கழி மூணு மாசமும் பெரும்பாலான வீடுகள்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க. 13 வாரம் போச்சு. மிச்சம் 39. அதுல எல்லா சனி ஞாயிறும் முகூர்த்தம் கிடையாது. முகூர்த்த நாள் புதன்கிழமை வந்தா உங்களுக்கு லீவு கிடைக்காது. நல்ல முகூர்த்தத்துல நாலு பேர் கூப்பிடுவாங்க, நீங்க ஒரு மண்டபத்துலதான் இருக்க முடியும். ஆனா இஎம்ஐ இருக்கே, அதுக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. அஞ்சாம் தேதி ஆனா டாண்ணு போயிடும்.

டிஜே மட்டுமே முழு நேரத் தொழில்னா இந்தக் கணக்கு மாறும். நான் பேசறது மாசச் சம்பளக்காரங்களுக்கு.

சரி, டாப்பை மட்டும் ஏன் வாங்கச் சொல்றேன்? பேஸ் இல்லாம ஒரு நிகழ்ச்சியை ஒப்பேத்தலாம், டாப் இல்லாம ஒன்னுமே முடியாது. பர்த்டே பார்ட்டி, காது குத்து, ஆபீஸ் ஆண்டு விழா, மைக்ல பேசறது, எல்லாத்துக்கும் அதுதான். நல்ல 12 இன்ச் ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒன்னு 16 கிலோ பக்கம் இருக்கும். ரெண்டையும் ஆல்ட்டோ பின் சீட்ல போட்டுட்டு ஸ்டாண்டோட ஒரு ஆளே போயிடலாம். மூடின ஹால்ல 100, 150 பேருக்கு இது போதும்.

"15 இன்ச் வாங்கினா பேஸும் சேர்ந்து வந்துடுமே"ன்னு கடையில சொல்லுவாங்க. கொஞ்சம் கூடுதலா வரும், உண்மைதான். ஆனா 15 இன்ச் டாப் பேஸ் பாக்ஸுக்கு மாற்று ஆகாது. அது மட்டுமில்ல, கோன் பெருசாக ஆக, குரல் இருக்கிற நடு அலைவரிசையில சத்தம் நேரா குவிஞ்சு போகும், பக்கவாட்டுல உட்கார்ந்தவங்களுக்குத் தெளிவு குறையும். வாழ்நாள்ல பேஸ் பாக்ஸ் எடுக்கவே மாட்டேன்னா 15 எடுங்க. வாடகைக்காவது எடுப்பேன்னா என் ஓட்டு 12-க்குத்தான்.

வாட்ஸைப் பார்த்து மட்டும் வாங்கிடாதீங்க. வாட்ஸை ரெண்டு மடங்கு ஆக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல். காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்"னு தோணணும்னா ஏறக்குறைய 10 டெசிபல் கூடணும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஒரு உதாரணம் பாருங்க. யமஹா டிபிஆர் 12, எலக்ட்ரோ-வாய்ஸ் இசட்எல்எக்ஸ் 12பி, ரெண்டு அட்டைப் பெட்டியிலயும் 1000 வாட்ஸ்னுதான் போட்டிருக்கும். அதிகபட்ச சத்தம்னு கொடுத்திருக்கிறது முதலாவதுக்கு 131 டெசிபல், ரெண்டாவதுக்கு 126. ஒரே வாட்ஸ், காகிதத்துல 5 டெசிபல் வித்தியாசம். அதுக்காக யமஹாதான் வாங்கணும்னு சொல்லல. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி அளக்கறாங்க, அதனால இந்த நம்பரையும் முழுசா நம்ப முடியாது. கடையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, நீங்க போடற பாட்டையே போட்டு, சத்தத்தை நல்லா ஏத்திக் கேளுங்க. ஏத்தினப்போ பாடகர் குரல் கத்தற மாதிரி ஆச்சுன்னா அது வேண்டாம்.

பாஸிவ் ஸ்பீக்கர், தனி ஆம்ப், உள்ளூர்ல அடிச்ச கேபினெட், இதெல்லாம் மோசம்னு நான் சொல்ல மாட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட் போனா பாதி விலைக்கு அசெம்பிள் பண்ணித் தர்றாங்க, கோன் போனா உள்ளூர் மெக்கானிக்கே மாத்திடுவார். ஆனா ஆம்ப், ராக், வயர்னு தூக்கற சுமை கூடும், விக்கும்போது விலை வராது. ஞாயிறு ராத்திரி ரெண்டு மணிக்கு வீடு வந்து திங்கள் காலை லாகின் பண்ற ஆளுக்கு ஆக்டிவ்தான் சரி. வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஊர்லயே சர்வீஸ் சென்டர் இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

பேஸை நான் குறைச்சுச் சொல்றதா நினைக்காதீங்க. குத்துப் பாட்டுக்கு அடிவயித்துல ஒரு அதிர்வு வேணும், அது 40, 60 ஹெர்ட்ஸ்ல இருக்கு. 12 இன்ச் டாப்பால அதைச் சரியா கொடுக்க முடியாது. நீங்க ஈக்யூல பேஸை ஏத்தி, சிவப்பு லைட் எரிய எரிய ஓட்டினா ஸ்பீக்கர்தான் போகும். திறந்த மைதானம்னா சுவரே கிடையாது, பேஸ் பாக்ஸ் இல்லாம போகவே போகாதீங்க. பேஸ் பாக்ஸ் வச்ச அன்னைக்கு டாப்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிவிட்டுடுங்க, டாப்புக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். இன்னொன்னு, ரெண்டு பேஸ் பாக்ஸையும் மேடையோட ரெண்டு மூலையில வைக்கறதுதான் நம்ம ஊர் பழக்கம். பார்க்க அழகா இருக்கும். ஆனா ரெண்டு பக்கத்துல இருந்து வர்ற அலைகள் ஹால்ல சில இடத்துல ஒன்னை ஒன்னு அழிச்சுடும், சில இடத்துல குவிஞ்சுடும். ரெண்டையும் ஒட்டி ஒட்டி ஒரே இடத்துல, முடிஞ்சா சுவர் ஓரமா வைங்க. வாடகை கூட்டாமலே பேஸ் கூடும்.

வாடகையில ஒரு பெரிய தலைவலி இருக்கு, மறைக்க மாட்டேன். நல்ல முகூர்த்தத்துக்குக் கடைசி வாரத்துல போய்க் கேட்டா பாக்ஸ் கிடைக்காது. அதனால பார்ட்டிகிட்ட அட்வான்ஸ் வாங்கின அன்னைக்கே, அதுல இருந்தே சவுண்ட் சர்வீஸ்காரருக்கு 1,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டுடுங்க. ஒரே ஆள்கிட்ட தொடர்ந்து எடுங்க. என்கிட்ட அந்த ரெண்டு பாக்ஸை வாங்கினாரே ஒரு அண்ணன், அவர்கிட்டதான் இப்போ நான் வாடகைக்கு எடுக்கறேன். அன்னைக்கு மூணு மாடி இறக்கும்போதே சொன்னார்: "பாக்ஸ் வாங்கறது பெருசில்லீங்க தம்பி. வெக்கறதுக்கு எடமும் தூக்கறதுக்கு ஆளும் வேணுமில்லீங்க." அவர்கிட்ட குடோன் இருக்கு, வண்டி இருக்கு, நாலு பசங்க இருக்காங்க. முகூர்த்தம் இல்லாத நாள்ல கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம்னு பாக்ஸ் ஓடிக்கிட்டே இருக்கு. அவருக்கு அது முதலீடு. எனக்கு அது ஹால்ல இடத்தை அடைச்சுக்கிட்டு நின்ன ஒரு கடன்.

பேஸுக்கான காசை உங்க ரேட்டுக்குள்ள ஒளிச்சு வைக்காதீங்க. கொட்டேஷன்ல தனி வரியா போடுங்க: "பேஸ் பாக்ஸ் வேணும்னா 5,000 கூடுதல்." நான் இப்படிப் போட ஆரம்பிச்ச பிறகு பாதிப் பேர் "சின்ன ஹால்தானேங்க, வேண்டாம்"னு சொல்லிடறாங்க. வேணும்னு சொல்றவங்க காசு கொடுக்கறாங்க. பேஸ் இல்லையேடான்னு ஒரு நண்பன் சொன்னதுக்காக நான் 2 லட்சம் கடன் வாங்கினேன். 5,000 யார் தர்றீங்கன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும்.

அப்போ எப்பவுமே வாங்கக் கூடாதா? ஒரு வருஷம் நோட்டுல எழுதுங்க. எத்தனை நிகழ்ச்சி, எத்தனைக்கு பேஸ் எடுத்தீங்க, எவ்வளவு வாடகை. 24-ஐத் தாண்டுச்சுன்னா, அந்த வருமானத்துலயே காசு சேர்த்து வாங்குங்க. அப்பவும் மலிவான ரெண்டுக்குப் பதிலா தரமான ஒன்னு. நீங்க வாடகைக்கு எடுத்துப் பழகின அதே மாடலையே வாங்கினா, பெரிய நிகழ்ச்சிக்கு அதே மாதிரி இன்னொன்னை வாடகைக்கு எடுத்து ஜோடி சேர்த்துக்கலாம். வேற வேற கம்பெனி பாக்ஸைக் கலந்து வச்சா பேஸ் குழம்பிடும்.

சத்தத்துக்கும் சட்டம் இருக்கு. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி, மூடின அரங்கம் தவிர மத்த இடங்கள்ல ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரி சில நாளுக்கு அரசு தர்ற தளர்வு தனி. பொது இடத்துல ஒலிபெருக்கி வச்சா, அந்த இடத்தோட எல்லையில 75 டெசிபலைத் தாண்டவே கூடாது. 136 டெசிபல்னு போட்ட பேஸ் பாக்ஸ், தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும்ங்கற கணக்குல, 32 மீட்டர்லயும் 106 டெசிபல் வரும். நீங்க காசு கொடுத்து வாங்கற கடைசிப் பத்து டெசிபலை நம்ம ஊர் மண்டபத்துல பயன்படுத்தவே விட மாட்டாங்க.

கடைசியா ரெண்டு பேப்பர் வேலை. உங்க ஆபீஸ் ஆஃபர் லெட்டரை எடுத்து, வெளி வேலை பார்க்கக் கூடாதுன்னு வரி இருக்கான்னு படிங்க. இருந்தா ஹெச்ஆர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டு இறங்குங்க. அப்புறம், சம்பளத்தோட இந்தத் தொழில் வருமானமும் சேர்ந்தா ஐடிஆர்-1 போட முடியாது, வேற படிவம். பார்ட்டி ஜிபே-ல அனுப்பற ஒவ்வொரு ரூபாயும் பேங்க் ஸ்டேட்மென்ட்ல நிக்கும். எந்தப் படிவம், எந்தச் செலவையெல்லாம் கழிக்கலாம்னு அடுத்த வீடியோல பார்ப்போம்.