காருக்குச் சாய்தளம், நமக்குப் படிக்கட்டு

கார் கண்காட்சிக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேடை போட்டு, அதன்மேல் புது மாடல் காரை நிறுத்தியிருப்பார்கள். அந்தக் கார் மேடைக்கு எப்படிப் போனது? யாரும் தூக்கி வைக்கவில்லை. பின்பக்கம் பலகையில் சாய்தளம் போட்டு உருட்டி ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் சாய்தளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மனிதர்கள் ஏறிப் பார்க்க முன்பக்கம் இரண்டு படி இருக்கும், கைப்பிடி இருக்காது.

சக்கரத்தை வைத்தே பிழைப்பு நடத்தும் தொழில் இது. நாலு சக்கரமும் இரண்டு சக்கரமும் போக வேண்டிய வழியை அங்குலம் அங்குலமாக அளந்து போடுகிறார்கள். நாற்காலிக்கும் சக்கரம் இருக்கலாம், ஒரு கிழவன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வரலாம் என்பது மட்டும் அவர்கள் வரைபடத்தில் வருவதே இல்லை. இதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. அதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எண்ணூரில் ஒரு லாரிக் கம்பெனியில், சோதனை ஓட்டப் பிரிவில், 34 வருஷம் இருந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்த சிலிண்டர் மிஸ்ஸாகிறது என்று சொல்லிவிடுவேன். இப்போது பெரும்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, முதுகிலும் ஒரு ஆபரேஷன் ஆகிவிட்டது. வாக்கர் இருந்தால் நூறடி நடப்பேன். அதற்குமேல் போனால் உட்கார வேண்டும். காது மட்டும் இன்னும் பழைய காதுதான்.

வாலிப வயதில் சோழவரம் பந்தயம் ஒன்றைக்கூட விட்டதில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. சைக்கிளை எங்கேயோ சாத்திவிட்டு, வெயிலில் நாள் முழுக்க நிற்போம். நிழலும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. அன்றைக்கு அந்த வசதிகள் யாருக்குமே இல்லை, அதனால் நமக்கில்லையே என்ற குறையும் தோன்றவில்லை. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதையே வந்தது. இப்போது காப்பிக்கடை, குளிர்சாதனக் கூடாரம், செல்ஃபி எடுக்க மேடை என்று எல்லாமும் வந்துவிட்டன. விட்டுப்போனவர்கள் நாங்கள்தான்.

“டீவியிலேயே காட்டுறானே, எதுக்கு சார் இந்த அவஸ்தை?” என்று கேட்காத ஆள் இல்லை. கல்யாணச் சாப்பாட்டை போட்டோவில் பார்த்தால் பசி அடங்குமா? பந்தயக் கார் வளைவுக்கு வரும்போது கியரைக் குறைப்பார்கள். அப்போது சைலன்ஸரில் வெடிக்கும் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் இடிக்கும். சூடேறிய பிரேக்கின் வாசனை, எரிந்த ரப்பர் வாசனை, பிட்டில் நான்கு பையன்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமலே டயர் மாற்றுவது, இதெல்லாம் எந்த டீவியில் வரும்?

சென்ற வருஷம் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் சேர்த்து மகன் டிக்கெட் வாங்கினான். புறநகரில் ஒரு திடலில் பழைய கார்கள், பைக் சாகசம், டிரிஃப்டிங் எல்லாம் உண்டு. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம், இதைவிட மேலாக நடத்துபவரை நான் இன்னும் பார்க்கவில்லை. வாடகைக் காரை நுழைவாயிலுக்கு முக்கால் கிலோமீட்டர் முன்னாலேயே தடுப்பு போட்டு நிறுத்திவிட்டார்கள். வாக்கரைக் காட்டினேன். “உள்ளே வண்டி விட ஆர்டர் இல்ல பெரியவரே” என்றார் காவலாளி. அந்த நிமிஷமே பின்னால் வந்த மூன்று பெரிய கார்களுக்குத் தடுப்பு தானாக விலகியது. அவை மேடை ஓரம் வரை போய் நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஆக, உள்ளே போக வழி இருக்கிறது. இடமில்லை, பாதுகாப்புக் காரணம் என்று எங்களுக்குச் சொல்வதெல்லாம் அந்த மூன்று காருக்குப் பொருந்தவில்லை.

நான் கொண்டுபோன மடக்கு ஸ்டூலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஆபத்தான பொருளாம்! உள்ளே உட்கார இடம் என்றால் இரும்புக் குழாய் சாரம் கட்டிய கேலரி மட்டும்தான், பதினோரு படி. டீஷர்ட் போட்ட ஒரு பிள்ளை ஓடி வந்து, “அங்கிள், நாங்க நாலு பேர் தூக்கிடட்டுமா?” என்று கேட்டது. நல்ல பிள்ளை. ஆனால் 72 வயதில், ஆயிரம் பேர் பார்க்க, மூட்டை மாதிரி தூக்கப்படுவதற்கா டிக்கெட் வாங்கினேன்? நடமாடும் கழிப்பறைக்கு ஏறும் படி முழங்கால் உயரம். அதனால் நான் அன்று மதியம் வரை தண்ணீர் குடிக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் வயதுக்காரர்கள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்பதால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் மேஜைமேலேயே கிடந்தது.

“உங்களை மாதிரி எத்தனை பேர் சார் வர்றாங்க?” என்று நடத்துபவர்கள் கேட்பார்கள். பாலம் கட்டாத ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு, அக்கரைக்கு யாருமே போவதில்லை என்று கணக்கெடுப்பதற்கு ஒப்பானது இந்தக் கேள்வி.

செலவு என்பார்கள். பதினோரு படிக்குச் செலவான அதே குழாயும் பலகையும்தான், பத்துச் சக்கர நாற்காலிகள் நிற்கும் ஒரு தாழ்வான மேடைக்கும் தேவை. முன்வரிசை எழுந்து நின்றால் மறைக்காத உயரமும், ஏற ஒரு சாய்தளமும் இருந்தால் போதும். கார் ஏற்றிவிட்டுக் கழற்றிய பலகை பின்னால் சும்மாதானே கிடக்கிறது?

மோட்டார் பந்தய உலகத்துக்கு நடக்க முடியாதவர்கள் புதியவர்களும் அல்ல. 1980-ல் லாங் பீச் தெருப் பந்தயத்தில் பிரேக் பிடிக்காமல் மோதி இடுப்புக்குக் கீழே செயலிழந்த க்ளே ரெகஸோனி, கையாலேயே இயக்கும் கார்களில் மறுபடி போட்டிக்கு வந்தார். 1986-ல் பிரான்சில் சாலை விபத்தில் சிக்கிய பிராங்க் வில்லியம்ஸ் அதற்குப் பிறகு சக்கர நாற்காலியிலிருந்தே அணியை நடத்தினார். 1987-க்கும் 1997-க்கும் இடையில் அவர் காரில் ஐந்து ஓட்டுநர்கள் உலக சாம்பியன் ஆனார்கள். 2001-ல் பந்தயத்தில் இரண்டு கால்களையும் இழந்த அலெக்ஸ் ஸனார்டி, திரும்பி வந்து கார் ஓட்டியதோடு நிற்காமல், 2012 லண்டன் பாராலிம்பிக்ஸில் கைச்சைக்கிளில் தங்கமும் வாங்கினார். அந்தப் போட்டி நடந்த பிராண்ட்ஸ் ஹாட்ச் ஒரு கார் பந்தயத் திடல்! வில்லியம்ஸே நம் திடலுக்கு வந்திருந்தால், அவரையும் நாலு பேர் தூக்கித்தான் ஏற்றியிருப்பார்கள்.

நம் ஊரில் முடியாது என்றும் சொல்ல வேண்டாம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது ஞாபகம் இருக்கும். 3.5 கிலோமீட்டர், 19 வளைவு, நடு நகரத்துச் சாலைகளில்! முதல் நாள் சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் சான்று வரத் தாமதமானதால் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். சான்று இல்லாமல் ஒரு காரையும் ஓட விடவில்லை. மிகச் சரி. பாதைக்கு அத்தனை கறாராகச் சான்று கேட்கிறோம், பார்க்க வருபவர் உட்காரும் இடத்துக்கும் கேட்டால் என்ன? சாய்தளமும், ஏறக்கூடிய கழிப்பறையும், இறக்கிவிட வழியும் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே டிக்கெட் விற்பனை தொடங்க வேண்டும். எந்த நிகழ்ச்சியானாலும் சரி.

அந்தப் பந்தயப் பாதையிலிருந்து கொஞ்ச தூரம்தான் மெரினா. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 2022 நவம்பரில், கடல் அலை அருகே வரை சக்கர நாற்காலி போக மரப்பாதை போட்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் பிய்த்துப் போட்டது. கைவிடாமல் சரிசெய்தார்கள். புதைமணலில் இது முடிகிறது, சமதரைத் திடலில் முடியாதா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்கையும் விளையாட்டையும் உரிமை என்றே சொல்கிறது. அணுகல் வசதியை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்கக் கூடாது, கட்டாய விதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. நான் கேட்பது தள்ளுபடியோ இலவச டிக்கெட்டோ அல்ல. முழு விலை கொடுக்கிறேன். கொடுத்த காசுக்கு வண்டியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தம்பி இருக்கிறார். போலியோவில் ஒரு கால் போனது. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வைத்திருக்கிறார், கார்புரேட்டரை அவரே பிரித்து மாட்டுவார். வண்டிப் பைத்தியத்தில் எனக்குத் தம்பி. அவரும் அந்தத் திடலுக்குப் போயிருக்கிறார். வண்டியைப் பொது நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்து வரச் சொன்னார்களாம். “அது வண்டி இல்ல ஐயா, என் காலு. காலைக் கழட்டி வெச்சுட்டு எப்படி வர்றது?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

2025 ஆகஸ்ட்டிலிருந்து பெரும்பாக்கம் பணிமனையில் தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழும், கதவருகே சாய்தளப் பலகையும் உண்டு. பஸ்ஸே முழங்காலை மடக்கிக் கொடுக்கிறது! அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்க ஆரம்பித்ததும் நானும் அந்தத் தம்பியும் நடத்துபவர்களுக்குச் சேர்ந்து எழுதப்போகிறோம். வண்டி எது வரை வரலாம், எத்தனை படி, கழிப்பறை எப்படி, ஸ்டூலுக்கு அனுமதி உண்டா என்று நாலே கேள்வி. எழுத்தில் பதில் வந்த பிறகுதான் பணம். நீங்களும், உங்கள் கால் நன்றாக இருந்தாலும், டிக்கெட் வாங்கும்போது இதே நாலைக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். எங்கள் இரண்டு பேர் கடிதத்தைக் குப்பையில் போடலாம், இருநூறு கடிதத்தைப் போட முடியாது.