படிப்புக்கு வந்த பாட்டு

ராயப்பன்பட்டியின் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிப் போனால் கொஞ்ச தூரத்தில் பண்ணைப்புரம். அங்கிருந்துதான் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்குக் கிளம்பினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலையேறிப் போய், தேயிலைத் தொழிலாளர் மத்தியில் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாடினார். சினிமா மெட்டில் அரசியலை ஏற்றிப் பாடுவது அவர் கைவந்த கலை. பிறகு அந்தக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றிய தம்பிதான் இளையராஜா. அவருக்கு அதுதான் முதல் கல்லூரி. கட்டணம் கிடையாது, சாப்பாடும் சில ராத்திரி கிடையாது!

2024-இல் சென்னை ஐஐடி அவர் பெயரில் இசை ஆய்வு மையம் அறிவித்தது. நல்லது. ஆனால் அமெரிக்காவில் ஜாஸுக்கு நடந்ததை நினைத்துக்கொள்கிறேன். 1947-இல் வடக்கு டெக்சாஸ் கல்லூரி அதைப் பட்டப்படிப்பாக்கியது. ‘ஜாஸ்’ என்ற சொல்லுக்குக் கூச்சப்பட்டு, ‘நடன வாத்தியக் குழு’ என்று பெயர் வைத்தார்கள். அந்த இசையைப் பெற்றெடுத்த கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கு அன்று அந்த வளாகத்தில் இடமில்லை. இசை உள்ளே, இசைத்தவன் வெளியே.

இங்கேயும் ஸ்வரக் கணக்கும் சிம்பொனியும் பாடமாகிவிடும், அதில் சந்தேகமில்லை. தேவிகுளத்து மேடையைப் பாடமாக வைப்பார்களா? பறைக்கும் உறுமிக்கும் பேராசிரியர் நாற்காலி உண்டா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.