குற்றவாளி வானம் மட்டும்தானா?

“இன்று பின்னேரம் மழை பெய்யும், என் தலை சொல்கிறது” என்று ஆசிரியபீடத்தில் நான் அறிவிப்பதுண்டு. வளிமண்டலவியல் திணைக்களத்தை அண்ணனின் தலை முந்திவிட்டது என்று இளம் உதவி ஆசிரியர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கோ இடது கண்ணுக்குப் பின்னால் குத்தத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் வெளிச்சத்தையும் அச்சு மையின் நெடியையும் தாங்க முடியாமற் செய்து, குமட்டலில் கொண்டுபோய் விடும் வேதனை. எமது ஊர்களில் கபாலக்குத்து என்றும் ஒற்றைத் தலையிடி என்றும் சொல்லப்படும் மைக்ரேன்தான் அது.

முப்பது வருடங்களுக்கு மேலாக இதற்கு நான் வானத்தையே குற்றஞ்சாட்டி வந்தேன். கொழும்பில் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காலையில் சுட்டெரிக்கும் வெயில், நண்பகலில் புழுக்கம், பின்னேரம் இடியுடன் மழை. இந்த நாட்கள்தான் என் எதிரிகள். நான் பிறந்த மட்டக்களப்பில் கேட்டால் கச்சான் காற்றைச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தவர் சிலர் சோளகத்தைச் சொல்வர். சுவிற்சர்லாந்தில் குடியேறிய எம்மவரோ அல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் வெப்பக்காற்றைச் சொல்கிறார்கள்.

இவை வெறும் நம்பிக்கைகள் அல்ல. கனடாவின் கல்கரிப் பகுதியில், ரொக்கி மலைகளைக் கடந்து இறங்கும் சினூக் என்னும் வெப்பக்காற்றையும் 75 நோயாளிகளின் தலையிடிக் குறிப்பேடுகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. காற்று வருவதற்கு முந்திய நாளிலும், அது மணிக்கு 38 கிலோமீற்றருக்கு மேல் வீசும் நாளிலும் மைக்ரேன் தொடங்கும் வாய்ப்புக் கூடியிருந்தது. ஆனால் முந்திய நாளில் பாதிக்கப்பட்டோர் ஒரு சாரார், பலத்த காற்றில் பாதிக்கப்பட்டோர் வேறொரு சாரார். இரண்டிலும் பாதிக்கப்பட்டவர்கள் இருவர் மட்டுமே.

என்னைச் சுட்டது 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு. 77 நோயாளிகளில் 48 பேர் வானிலை தம்மைத் தாக்குவதாக நம்பினர். பதிவுகளை ஒப்பிட்டபோது, அவ்வாறு தாக்கப்படுவதாகக் கண்டறியப்பட்டோர் 39 பேர். ஒரு பிரதேச சபைத் தவிசாளரைப் பற்றிக்கூடச் சான்றில்லாமல் ஒரு வரி எழுதாதவன் நான். வானத்துக்கு மட்டும் விசாரணையின்றித் தீர்ப்பு வழங்கியிருக்கிறேன்!

ஆகவே, ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர், ஒரு வருட காலம் சாதாரணக் கொப்பியொன்றில் குறித்து வந்தேன். திகதி, தலையிடி தொடங்கிய நேரம், முதல்நாள் தூக்கம், உணவு, தேநீர், மாத்திரை, வானம். தலையிடி வராத நாட்களையும் எழுதினேன். அவற்றை விட்டால் கணக்குப் பொய்த்துவிடும். கிடைத்த விபரம் எனக்கு உவப்பானதல்ல. இடி முழங்கிய பல நாட்கள் எதுவும் நிகழாமலே கழிந்திருந்தன. தலை குத்திய மழை நாட்களிலோ பெரும்பாலும் நான் பதிப்பு முடிந்து அதிகாலையில் படுத்திருந்தேன், அல்லது மதியச் சோற்றை விட்டுவிட்டு வெறுந்தேநீரில் பொழுதை ஓட்டியிருந்தேன். வானம் சும்மா இருக்கவில்லைத்தான். ஆனால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டவன் நான்.

கொப்பியை வைத்தியரிடம் காட்டினேன். அவர் வானத்தைப் பார்க்கவில்லை, மாத்திரைக் கணக்கைப் பார்த்தார். பரசிற்றமோல் போன்ற சாதாரண வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக விழுங்கி வந்தால் மாத்திரையே தலையிடியை வளர்க்கும் என்றார். டிரிப்டான் வகை மருந்துகளுக்கும் கொடெயின் கலந்தவற்றுக்கும் அந்த எல்லை 10 நாட்கள். மழை வருமுன் காப்போம் என்று நான் விழுங்கியவை கணக்கைத் தாண்டியிருந்தன. அவர் சொற்படி நிறுத்திய முதலிரண்டு வாரங்களும் கொடியவை. பின்னர் தடுப்பு மருந்தாக ப்ரொப்ரனோலோல் தந்தார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதால், என்னைப் பார்த்து எவரும் பாமசியில் வாங்கிவிட வேண்டாம்.

இப்போது இடிமழை முன்னறிவிப்பைக் கேட்டால் நான் மாத்திரையைத் தேடுவதில்லை. வேளைக்கு உண்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன், நண்பகல் வெயிலில் இறங்கினால் கறுப்புக் கண்ணாடி அணிகிறேன், இரவில் வழக்கமான நேரத்துக்குப் படுக்கிறேன். குத்துத் தொடங்கினால் மட்டும், தொடங்கியவுடனேயே மருந்து. பிந்தினால் அது அவ்வளவாக வேலை செய்வதில்லை.

மழைக்காலத் தலையிடியெல்லாம் மைக்ரேனும் அல்ல. காய்ச்சலுடன் வந்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது அஸ்பிரினும் இபுபுரோபனும் இரத்தக்கசிவுக்கு வழிவகுக்கும்; தொடவே கூடாது. திடீரென, வாழ்நாளிற் கண்டிராத கடுமையோடு வரும் தலையிடிக்கும், கைகால் சோர்வோ பேச்சுக் குழறலோ சேர்ந்து வருவதற்கும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மைக்ரேன் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கிறது. ஆசிரியபீடத்தில் எனக்கு வேடிக்கைப் பேச்சாவது கிடைத்தது. வீட்டில் சுருண்டு படுக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது ‘சாட்டு’ என்ற சொல். கச்சான் கிளம்பினால் அம்மாவுக்குத் தலை குத்தும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வோம். நெற்றியில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு அவர் அடுப்பூதுவார். வெள்ளிக்கிழமை விரதத்தில் பகல் முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்துகொண்டே எங்களுக்குச் சமைத்ததை, நான் உட்பட, எவரும் அந்தக் குத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை.